புகை ஓரிடம், பயன் ஓரிடம்

உலகம் வெப்பமடைந்து வருகின்றது என்னும் செய்தி இன்று புதுமை இழந்துவிட்டது. ஆண்டுதோறும் ஏதோவொரு பெருநகரில் நாடுகளின் பிரதிநிதிகள் கூடுகின்றனர், தீர்மானங்கள் நிறைவேறுகின்றன, "இதற்கு நாம் யாவரும் பொறுப்பாளிகள்" என்ற வாக்கியத்தோடு கூட்டம் கலைகின்றது. நம் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலும் அதே வாக்கியம் ஒலிக்கின்றது. அதனைப் பொய்யென்று கூற எவராலும் இயலாது. ஆயினும், கடன்பட்ட கூட்டுக் குடும்பம் ஒன்றில், "கடன் எல்லோருக்கும் உரியது" என்று மூத்தவர் சொல்லி எழுந்துவிட்டால், கடன் எவ்வளவு, அதை வாங்கியவர் யார், எதற்குச் செலவாயிற்று, யார் எவ்வளவு இறுக்க வேண்டும் என்னும் கேள்விகள் அப்படியே கிடக்கும். அக்கேள்விகளையே இங்கு ஆராய விரும்புகின்றேன்.

முதலில் விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். நிலக்கரி, மசகெண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது எழும் காபனீரொட்சைட்டு வாயு, புவியை விட்டு வெளியேற வேண்டிய வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து வைக்கின்றது. இவ்வாயு மிகுந்தால் புவி சூடேறும் என்பதைச் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் அரீனியசு 1896ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சாள்சு கீலிங் அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காகியிருந்தது. இன்று 420ஐயும் கடந்துவிட்டது. வளியிற் கலந்த இவ்வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கழிந்தும் நிலைத்திருக்கும். ஆதலின் இன்றைய வெப்பத்துக்கு நேற்றைய புகையும் காரணமாகும். இவை ஐயத்துக்கு இடமானவை அல்ல. வழக்கு எழுவது கணக்கெழுதும் இடத்திலேதான்.

இப்பொழுது நிலவும் கணக்குமுறை எளியது. புகை எந்த நாட்டின் எல்லைக்குள் எழுகின்றதோ, அந்த நாட்டின் பெயரில் அஃது எழுதப்படும். ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் அனுப்பும் அறிக்கைகள் இம்முறையிலேயே அமைந்துள்ளன. அளப்பதற்கு வசதியானதென்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரேயொரு மேற்சட்டையின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் இம்முறையின் குறை புலப்படும்.

நம் நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைகளால் வருவது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்த தொழில் அது. துணியின் பெரும்பகுதி சீனா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருகின்றது. அங்கே நூல் நூற்பதற்கும் சாயமிடுவதற்கும் நிலக்கரி எரிந்திருக்கும். இங்கே அத்துணியை வெட்டித் தைத்து மடிக்கும் பொறிகளை இயக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு, கடல் கடந்து வந்த நிலக்கரியை நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரித்துப் பெறப்படுவது. தைத்து முடிந்த சட்டை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ விற்பனையாகின்றது. அணிபவர் அங்கே இருக்கின்றார். சாயச் சாலையின் புகை சீனாவின் ஏட்டிலும், தையற்சாலையின் புகை இலங்கையின் ஏட்டிலும் ஏறுகின்றன. சட்டையைச் சுமந்து சென்ற கப்பலின் புகையோ எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராமல் தனியே குறிக்கப்படுகின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழி நினைவுக்கு வருகின்றதன்றோ?

பிரித்தானியா 1990ஆம் ஆண்டு தொடக்கம் தன் எல்லைக்குள் எழும் புகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கின்றது. மின்சார உற்பத்தியில் நிலக்கரியைக் கைவிட்டமை அதற்கு முக்கிய காரணம்; அது பாராட்டுக்குரியதே. எனினும், அந்நாட்டு மக்கள் வாங்கி நுகரும் பொருள்களுக்காகப் பிற நாடுகளில் எழும் புகையையும் சேர்த்து எண்ணினால், குறைவு அத்துணைப் பெரிதாகத் தோன்றாது. 2006ஆம் ஆண்டளவில் புகை வெளியீட்டில் முதலிடத்தை அடைந்த சீனாவைச் சுட்டிப் பேசுவோர் பலர், அப்புகையில் ஒரு பங்கு தம் வீட்டுப் பொருள்களுக்காக எழுந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதனாற் சீனா பொறுப்பிலிருந்து நீங்கிவிடாது. தன் வளர்ச்சிக்காக அது எரிக்கும் நிலக்கரிக்கு அதுவே விடை கூற வேண்டும். சட்டையைத் தைத்துக் கூலி பெற்ற நமக்கும் சிறு பங்கு உண்டு. ஆக்குபவர், விற்பவர், அணிபவர் ஆகிய மூவரிடையேயும் பங்கிட வேண்டியதை ஒருவர் தலையிற் கட்டுவதே பிழை.

பொருளின் தொடக்கத்தைப் போலவே அதன் முடிவும் இடம் மாறுவதுண்டு. 2017 தொடக்கம் 2019 வரையில் பிரித்தானியாவிலிருந்து 263 கழிவுக் கொள்கலன்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. பழைய மெத்தைகளும் கம்பளங்களும் மீள்பயன்பாட்டுக்காக வருகின்றன என்று பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது. சோதித்தபோது வைத்தியசாலைக் கழிவுகளும் அவற்றுள் இருந்தமை வெளிப்பட்டது. சுற்றாடல் நீதி மையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. 2020இல் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. இறுதித் தொகுதி 2022 பெப்ருவரியில் கொழும்புத் துறைமுகத்தை விட்டு நீங்கியது. கழிவாயின் கட்டித் திருப்பி அனுப்பலாம். வளியிற் கலந்த புகையைக் கொள்கலனில் அடைத்து உரியவரிடம் சேர்ப்பிக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. ஆகையால் அதற்கு நேர்மையான ஏடு இன்னும் கூடுதலாக வேண்டப்படுகின்றது.

நாடு என்னும் அலகை விட்டுத் தனிமனிதனை அலகாகக் கொண்டால் கணக்கு நேராகிவிடுமா? அவ்வாறு எண்ணுவோர் "காபன் அடிச்சுவடு" என்னும் தொடரை வழங்குகின்றனர். ஒருவரது வாழ்க்கை முறையால் எவ்வளவு புகை எழுகின்றது என்பதைக் குறிப்பது அது. இத்தொடரைப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள் பி.பி. என்னும் பிரித்தானிய எண்ணெய்க் கம்பனிக்குப் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் அடிச்சுவட்டைக் கணக்கிட்டு அறியும் கருவியொன்றை அக்கம்பனி 2004ஆம் ஆண்டளவில் விளம்பரப்படுத்தியது. எண்ணெய் விற்பவரே, வாங்குபவரை நோக்கி, "உமது குற்றத்தை எண்ணிப் பாரும்" என்று அறிவுரை பகர்ந்த விந்தை இது!

பொருளாதார அறிஞர் கல்பிரெயித்து, செல்வம் மலிந்த சமுதாயத்தைப் பற்றி 1958இல் எழுதிய நூலில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மக்களின் தேவையை நிறைவு செய்வதற்காகவே பொருள்கள் ஆக்கப்படுகின்றன என்பர். விளம்பரத்தின் துணைகொண்டு பொருளை ஆக்குவோரே தேவையையும் ஆக்குகின்றனர் என்பது அவர் வாதம். அதற்கும் முந்திய சான்று ஒன்றுண்டு. 1924இல் உலகின் பெரிய மின்குமிழ்க் கம்பனிகள் ஜெனீவாவிற் கூடி, "பீபசு" என்னும் பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. நெடுநேரம் எரியும் குமிழ்கள் விற்பனையைக் குறைக்குமாதலின், ஒரு குமிழின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குள் அடக்குவதென்று உடன்பட்டன. அதனை மீறிய அங்கத்தவருக்குத் தண்டமும் விதித்தன. விரைவிற் பழுதாகுமாறு செய்யப்பட்ட குமிழை மீண்டும் மீண்டும் வாங்கியவரை வீண்செலவுக்காரர் என்று கடிந்துகொள்வது தகுமா?

மாணவர் கட்டுரைகள் பலவற்றை நான் படிப்பதுண்டு. மின்விளக்கை அணைப்போம், மரம் நடுவோம், பொலித்தீன் பையைத் தவிர்ப்போம் என்பதோடு அவை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. இவை நல்ல பழக்கங்களே. ஆனால் மின்விளக்கை அணைக்கும் பிள்ளைக்கு, அந்த மின்சாரம் எதை எரித்துப் பெறப்படுகின்றது, அதனைத் தீர்மானித்தவர் யார் என்னும் கேள்வியையும் நாம் கற்பித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் நுகர்பவர் முற்றிலும் குற்றமற்றவர் என்று முடித்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் உலக மக்கள் தம் நுகர்வால் விளைவித்த காபன் வெளியீட்டில் ஏறத்தாழப் பாதி, வருமானம் மிகுந்த பத்திலொரு பங்கினருடையது. வறியவராகிய பாதி மக்களின் பங்கு நூற்றுக்கு 8 மட்டுமே. ஐக்கிய அமெரிக்காவில் எரிபொருளாற் கிளம்பும் காபனீரொட்சைட்டு ஆளொன்றுக்கு ஆண்டில் ஏறத்தாழ 14 தொன். இலங்கையில் ஏறத்தாழ ஒரு தொன். இந்த ஒரு தொன்னைக் காட்டி நாம் யாவரும் தப்பிவிட முடியாது. கொழும்பில் குளிரூட்டிய மாளிகையில் வாழ்பவரையும், மலையகத்து லயன் அறையில் விறகெரித்துச் சமைப்பவரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துப் பெற்ற எண் அது.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ருவரியில் மீண்டும் தொடங்கியது. மாலையில் ஆறு மணிக்குப் பின் பஸ் ஓடாத கிராமத்தில் ஒருவர் மோட்டார்ச் சைக்கிள் வாங்குகின்றார். நகரத்தில் வேறொருவர் தம் மூன்றாவது காரை வாங்குகின்றார். இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. முன்னவருக்கு வேறு வழியில்லை. பின்னவருக்கு வழிகள் பல இருந்தன. தெரிவு செய்யும் வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு என்பது என் துணிபு.

2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நமக்கு இன்னோர் உண்மையும் தெரியும். அவ்வாண்டில் நாம் குறைவாகவே எரித்தோம். அக்குறைவு எவருடைய சிந்தனையாலும் விளைந்ததன்று. இல்லாமை அதனைத் திணித்தது. மீனவர் கடலுக்குச் செல்லவில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவில்லை. நுகர்வைக் குறைத்தல் என்னும் உபதேசம் ஏற்கனவே குறையப் பெற்றவர் மீது விழுமாயின், அதனை அறம் என்று அழைத்தல் தகாது.

உலக நாடுகள் இந்நீதியை அறியாதவை அல்ல. 1992இல் இறியோ டி சனேரோ மகாநாட்டில் நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையிலேயே, பொறுப்பு பொதுவானது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்னும் கோட்பாடு எழுதப்பட்டது. 1997இல் கியோட்டோவில் செல்வ நாடுகளுக்குத் தனி வரம்பு விதிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா அதனை உறுதி செய்யவேயில்லை. வறிய நாடுகளுக்கு 2020ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 10,000 கோடி டொலர் திரட்டுவதாக 2009இல் கோப்பனேகனில் வாக்களித்தனர். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் கணக்கின்படி அத்தொகை 2022இல்தான் எட்டப்பெற்றது. 2026 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சீமெந்து, பசளை முதலியவற்றின் புகைக்கு விலை விதிக்கின்றது. வாங்கும் நாடு தான் வாங்கும் பொருளின் புகையை எண்ணத் தொடங்கியமை நன்றே. ஆனால் அவ்விலை ஐரோப்பியக் கருவூலங்களுக்கே செல்கின்றது. ஆக்கும் வறிய நாடு தன் உலைகளைச் சீர்செய்ய அதிலொரு பங்கு திரும்பி வருமாயின், அப்பொழுதே அதனைப் பகிர்ந்த பொறுப்பு எனலாம்.

நாம் பிறரிடம் நியாயம் கேட்பதற்கு நம் இல்லத்தையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். 2030க்குள் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கை நீர், காற்று, சூரிய ஒளி முதலிய மீளப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுவதாக இலங்கை வாக்களித்துள்ளது. அவ்வாக்கை நிறைவேற்றுவதும், பஸ்ஸையும் புகையிரதத்தையும் நம்பி மக்கள் வெளியிற் புறப்படத்தக்க நிலையை ஆக்குவதும் அரசின் பங்கு. பழுது பார்க்கத்தக்க பொருளை விற்பது வணிகரின் பங்கு. வசதி படைத்தோர் தம் ஆசைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அவர்தம் பங்கு. ஒருவர் பங்கை மற்றொருவர் இறுக்க முடியாது.

இதில் நமக்கென்ன என்று எவரேனும் கேட்பராயின், யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பார்க்கட்டும். வற்றாத ஆறொன்றும் இல்லாத அக்குடாநாடு, சுண்ணக்கற் பாறையிற் தேங்கிய மழைநீரை நம்பியே வாழ்கின்றது. கடல்மட்டம் உயர உயர உவர்நீர் அந்நன்னீரினுட் புகும் அபாயம் பெருகும். துலா மிதித்துத் தோட்டம் செய்த தலைமுறையினர் எரித்த எண்ணெய் எவ்வளவு? அவர்தம் பேரப்பிள்ளைகளின் கிணறு உவர்க்குமாயின், அந்நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

இக்கேள்வியைக் கேட்பதாற் பயனில்லை என்று சோர்வுறுவோருக்கு ஒரு செய்தி. 2019இல் தென் பசுபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் சிலர், இவ்வழக்கை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல வேண்டுமென முயன்றனர். வனுவாற்று என்னும் சிறு தீவு நாடு அதனை முன்னெடுத்தது. 2023இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீதிமன்றத்தின் கருத்தைக் கோரியது. 2025 யூலை 23இல், காலநிலைக்குப் பெருந்தீங்கு நேராமற் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதனை மீறினால் இழப்பீடும் நேரலாம் என்றும் நீதிமன்றம் கருத்துரைத்தது. அக்கருத்து எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆயினும் வகுப்பறையில் எழுந்த கேள்வி ஹேக் நகரம் வரை சென்று விடை பெற்றது.

நம் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது இதுவே. "நாம் யாவரும் பொறுப்பாளிகள்" என்று இனி எந்த மேடையிலேனும் கேட்கும்போது, கைதட்டுவதற்கு முன், "யார் எவ்வளவு?" என்று பணிவோடு வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே நம் பங்கையும் நாம் நாணமின்றி இறுக்க இயலும்.