குப்பை என்னும் பழைய சொல்

கொங்கு நாட்டுப் பேச்சில் ‘குப்பை’ என்பது இழிவான சொல் அன்று. காட்டுக்குக் குப்பை அடிப்பது என்றால் எருவை வண்டியில் ஏற்றிச் சென்று நிலத்தில் கொட்டி இறைப்பது என்று பொருள். கட்டுத்தறிச் சாணமும், மாடு தின்று கழித்த சோளத்தட்டும், அடுப்புச் சாம்பலும், வாசல் கூட்டிய தூசும் ஒரே குழியில் சேர்ந்து, மாதக்கணக்கில் கிடந்து, கறுத்துப் பொலபொலவென்று வெளிவரும்போது அதற்குப் பெயர் குப்பை. எவரிடம் எத்தனை வண்டிக் குப்பை இருக்கிறது என்பது அவர் நிலத்தின் மதிப்பைச் சொல்லும் கணக்காகவும் இருந்தது. அதே சொல் கோயமுத்தூர் நகரத்துக்குள் நுழைந்ததும் பொருள் மாறிவிட்டது. இங்கே குப்பை என்பது விடியற்காலையில் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு மறந்துபோக வேண்டிய ஒன்று. ஒரு சொல்லின் இந்த இடமாற்றத்தைப் பற்றிச் சிந்திக்க, வீட்டுக்குள் வளர்க்கும் தொட்டிச் செடியைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் இன்று செடி இல்லாத வீடு குறைவு. மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், சிறு பனை வகைகள், சமையலறைச் சன்னலில் ஒரு கற்றாழை. செடியோடு அதற்கான ‘இயற்கை உர’மும் அழகிய பொட்டலத்தில் வருகிறது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, தென்னை நார்த்தூள். மூன்றும் இந்த மண்டலத்தில் காலங்காலமாகக் கிடந்தவை. காலையில் காய்கறித் தோலை வாசலில் வைத்து அனுப்பிவிட்டு, மாலையில் அதே வகைப் பொருளின் மக்கிய வடிவத்தை விலை கொடுத்து வாங்கிவருகிறோம். நடுவே காணாமற்போனது சில வாரக் காத்திருப்பும் சிறிது கைவேலையும் மட்டுமே. ஆகவே இந்த உரத்தை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பதே நம் தரப்பு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நம்முடையவை அல்ல.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவோம். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு உரம் அவ்வளவாகத் தேவையில்லை. செடி தன் உணவை வெளிச்சத்தைக்கொண்டு தானே சமைத்துக்கொள்கிறது. உரம் அந்தச் சமையலுக்கு உப்புப் போன்றது. வெளிச்சம் குறைந்த அறையில் வளர்ச்சி மெதுவாகவே நடக்கும். வளர்ச்சி மெதுவானால் தேவையும் குறையும். ஸ்நேக் பிளாண்ட் என்று நாம் வாங்கிவரும் செடி, நம் வறண்ட காடுகளின் வேலியோரத்தில் யாரும் நீர் ஊற்றாமல் நிற்கும் மருளின் உறவு. வீட்டுச் செடிகள் பட்டினியால் சாவதைவிட, மிகுதியான நீராலும் மிகுதியான உரத்தாலும் வேர் அழுகிச் சாவதே அதிகம். உழவு அதிகாரத்தில், ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எருவிடுவது மேல் என்கிறார் வள்ளுவர். அதற்கு முந்திய குறளில், பக்குவமாகக் காயவிட்ட புழுதிக்கு ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிப்பதே முறை.

அடுத்து, செவிவழியாகப் பரவும் கைவைத்தியங்கள். வாழைப்பழத் தோலை இரவு முழுவதும் ஊறவைத்து அந்த நீரை ஊற்றினால் சாம்பல் சத்து கிடைக்கும் என்பார்கள். தோலில் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஓரிரவு ஊறலில் அதன் ஒரு பகுதி நீரில் இறங்கவும் கூடும். ஆனால் தோலுக்குள் இருக்கும் மற்றச் சத்துகள் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பின்னரே செடிக்குக் கிட்டும். அதுவரை தொட்டியில் கிடைப்பது இனிப்பு நீரும் அதை நாடி வரும் சிறு ஈக்களுமே. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மாவாக அரைத்துப் போட்டாலும் மிக மெதுவாகவே கரையும். காப்பி, தேயிலைச் சக்கையில் நைட்ரஜன் உண்டு. பாலும் சர்க்கரையும் போக அலசாமல் மண்ணில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அரிசி கழுவிய நீரை நம் பாட்டிமார்கள் கழுநீர்த் தொட்டியில் ஊற்றி மாட்டுக்கு வைத்தார்கள். மாடு அதைச் சாணமாக்கித் தந்தது. மாடில்லாத வீட்டில் அந்நீரை நேரடியாகச் செடிக்கு ஊற்றுவதால் பெருந்தீமை இல்லை, பெரும்பயனும் இல்லை. கடலைப் புண்ணாக்கு நல்ல உரந்தான். ஏறத்தாழ 7 விழுக்காடு நைட்ரஜன் கொண்டது. ஆனால் அதை ஊறவைத்துப் புளிக்கவிட்ட வாடையுடன் ஒரே அறையில் எவராலும் குடியிருக்க இயலாது. அது மொட்டைமாடிக்கு உரியது.

கொங்கு நாட்டில் இயற்கை உரம் என்று பேச்செடுத்தால் பஞ்சகவ்யத்தைத் தவிர்த்துவிட்டுச் செல்ல முடியாது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன், கோயிலில் வழிபாட்டுக்குரியதாக இருந்த அக்கலவையைப் பயிருக்குரிய ஊட்டமாக மாற்றி எடுத்துப் பரப்பினார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்ற ஐந்தோடு இளநீரும் கரும்புச் சாறும் வாழைப்பழமும் அவர் முறையில் சேர்ந்தன. 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் என்ற அளவில் தெளிப்பது வழக்கம். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. உழவர்களின் அனுபவத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அறிவு என்ற வகையில் அதற்கு நம் மரியாதை உண்டு. ஆனால் கட்டுத்தறியில் காங்கேயம் பசு நிற்கும் உழவருக்கு எது மலிவோ, அது ஆறாவது மாடியில் குடியிருப்பவருக்கு மலிவாகாது. பாலையும் நெய்யையும் கடையில் வாங்கி, ஒரு மாதம் வாளியில் புளிக்கவைத்து மணி பிளாண்டுக்கு ஊற்றுவது சிக்கனமும் அன்று, இயற்கையும் அன்று. வேண்டுமாயின் தெரிந்த உழவரிடம் சிறு புட்டி வாங்கி, ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி கலந்து எப்போதாவது ஊற்றலாம்.

அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? மிகப் பழைய, மிக எளிய ஒன்று: மட்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், இந்திய, சீன உழவர்களின் எருக்குழி வழக்கங்களைக் கூர்ந்து கற்று, யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931இல் நூலாக்கினார். அதன் சாரம் இரண்டே வரிகளில் அடங்கும். பச்சைப் பொருளும் உலர் பொருளும் அளவறிந்து கலக்க வேண்டும். குவியலுக்குள் காற்றும் ஈரமும் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவு நீரும் நைட்ரஜனும் மிகுந்தது. தனியே விட்டால் அழுகி நாறும். அதைச் சமன்செய்யக் கரிமம் மிகுந்த உலர் பொருள் தேவை. அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சிப் பகுதியின் கயிற்று ஆலைகள் மட்டையிலிருந்து நாரை உரித்தெடுத்த பின் எஞ்சும் நார்த்தூள், ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத மலைகளாகக் குவிந்து கிடந்தது. லிக்னின் மிகுந்த அத்தூள் தானாக எளிதில் மட்காது. சிப்பிக் காளான் வித்தையும் சிறிது யூரியாவையும் கொண்டு அதை மட்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குப் பரிந்துரைத்தது. வீட்டு அளவில் அவ்வளவு தேவையில்லை. நார்த்தூளை இரண்டு மூன்று முறை நீரில் அலசி, அதிலுள்ள உப்பைப் போக்கிக் காயவைத்துக்கொண்டால் போதும்.

பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டிகள் இரண்டு வேண்டும். முதல் தொட்டியின் அடியில் நான்கு விரற்கடை நார்த்தூள் பரப்பி, அன்றாடக் காய்கறித் தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, போட்ட அளவுக்கு மேலே நார்த்தூளோ காய்ந்த இலையோ தூவிவர வேண்டும். ஒரு கைப்பிடித் தோட்டத்து மண்ணையோ சிறிது புளித்த மோரையோ தொடக்கத்தில் தெளிப்பவர்கள் உண்டு; நுண்ணுயிர்களுக்கு அது ஓர் அழைப்பு. எண்ணெய், பால், சமைத்த உணவு, இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்கலாம். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிந்து உலர் பொருள் சேர்க்க வேண்டும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அறிந்து நீர் தெளிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பால்கனியில் வைத்த தொட்டி விரைவில் உலர்ந்துவிடும் என்பதை நினைவில் கொள்வது நல்லது. முதல் தொட்டி நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். இரண்டு மாதத்துக்குப் பின் திறந்தால், முதல் மழை பட்ட மண்ணின் வாசம் இருக்க வேண்டும். வாசம் வரவில்லையென்றால் இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

சலித்தெடுத்த மட்கை நடுத்தரத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேல்மண்ணோடு கலந்துவிட்டால் போதுமானது. கோவை வீடுகளில் நல்ல தண்ணீர் ஒரு குழாயிலும் உப்புத் தண்ணீர் ஒரு குழாயிலும் வருவது புதிதன்று. உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தால் எந்த உரமும் செடியைக் காப்பாற்றாது. மாதம் ஒருமுறையேனும் சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ ஊற்றி, தொட்டியின் அடித்துளை வழியே வடியவிட வேண்டும்.

இது மலிவானதா என்றால், பணக்கணக்கில் ஆம். ஆனால் மலிவு என்பதுதான் காரணம் என்றால் வாதம் நிற்காது. மானியத்தின் தயவில் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவாகவே உழவருக்குக் கிடைக்கிறது. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். நம் மட்கில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு இருந்தால் அதிகம். நைட்ரஜனின் விலையை மட்டும் ஒப்பிட்டால் யூரியாவை எதுவும் வெல்லாது. மட்கு தருவது நைட்ரஜன் மட்டுமன்று; மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களைக் குடியமர்த்துகிறது. இருந்தும், நான்கு தொட்டிச் செடிகளுக்காக இத்தனை பாடு தேவையா என்ற கேள்வி நியாயமானதே. செடிக்காக மட்டும் என்றால் தேவையில்லை என்பதே நேர்மையான பதில்.

நாம் சொல்ல வந்த காரணம் நகரின் தென்கிழக்கில் இருக்கிறது. நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூர், ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். இன்று அப்பெயரைச் சொன்னால் கோவைவாசிக்கு நினைவுக்கு வருவது 650 ஏக்கர் அளவில் விரிந்த குப்பைக் கிடங்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் குப்பை உருவாகும் நகரம் இது. இந்திய நகரங்களின் குப்பையில் பாதி அளவுக்கு மட்கக்கூடியதே. நம் காய்கறித் தோலும் நெகிழியும் ஒன்றாகக் கட்டப்பட்டு அங்கே போனால், காற்றுப் புகாத ஆழத்தில் மீத்தேனாகிறது, தீப்பற்றுகிறது. 2024 ஏப்ரலில் அங்கே பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அந்தக் குப்பையை உண்டாக்கியவர்கள் அல்லர். வீட்டிலேயே தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. மாநகராட்சி நுண் உரக்கூடங்களும் அமைத்தது. ஆனால் வாசலில் பிரிக்கப்படாதது கிடங்கில் ஒருபோதும் முழுதாகப் பிரிபடாது.

பழைய கொங்குக் கிராமத்தின் எருக்குழியை நினைத்து ஏங்குகிறவர்களிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. அந்தக் குழியை நிரப்பிய கைகள் யாருடையவை? கட்டுத்தறியைக் கூட்டிச் சாணி வழித்துக் கூடையில் சுமந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு இருந்த அருந்ததியர்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழியில் விளைந்த செல்வம் நிலம் உள்ளவருக்குப் போயிற்று. நாற்றம் நிலமற்றவர் உடம்பில் தங்கிற்று. இன்று கோவையின் தெருக்களில் நம் குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர்களில் மிகப் பலர் அதே சமூகத்தவர். குப்பை என்ற சொல்லின் பொருள் மாறியது. அதைத் தொடும் கை மாறவில்லை. இயற்கை வேளாண்மை பற்றிய நம் பெருமிதப் பேச்சுகளில் விடுபட்டுப்போவது இந்த ஒரு வரிதான்.

ஒரு தொட்டி மட்கு வெள்ளலூரைத் துப்புரவாக்கிவிடும் என்று நாம் நம்பவில்லை. கிடங்கைச் சரிசெய்வதும், துப்புரவுப் பணியாளருக்கு நிரந்தர வேலையும் கையுறையும் உரிய ஊதியமும் தருவதும் அரசின் கடமை. அதை வீட்டுத் தொட்டியின் தலையில் சுமத்துவது ஏய்ப்பு. ஆயினும் தன் வீட்டு அழுகலைத் தன் கையால் கிளறிப் பார்த்தவர், அதை இன்னொருவர் கையில் பிரிக்காமல் திணிக்கக் கூசுவார். அந்தக் கூச்சம் நமக்கு வேண்டும். செடிக்கு ஒரு பிடி எரு கிடைப்பது உபரி லாபம்.

மட்கு ஆகிவிட்டதா என்று அறியக் கையில் அள்ளிப் பிடித்து முகர்ந்துதான் பார்க்க வேண்டும். வேறு கருவி கிடையாது. அப்படி முகர்ந்து பார்க்கிறவர் வீட்டிலாவது குப்பை மறுபடியும் ஒரு நல்ல சொல்லாகட்டும்.