எங்கள் பேர் எந்த நோட்டில் இருக்கிறது?

நகை போடாதே என்றீர்கள், கழற்றிவிட்டேன். கேமரா மாட்டு என்றீர்கள். மகன் அனுப்பிய பணத்தில் மாட்டினேன். நாய் வளர் என்றீர்கள், வளர்த்தேன். கறித்துண்டில் விஷம் வைத்து அதைக் கொன்றுவிட்டார்கள். இனி நான் என்னதான் செய்ய வேண்டும், போலீஸ் ஐயா? உயிரை ஒளித்து வைக்க ஓர் இடம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துச் சாளையில் ஒண்டியாக இருக்கிறவள் நான். வயது 71. பக்கத்து வீட்டுக்கு இரண்டு காடு தாண்ட வேண்டும். கத்தினால் யாருக்கும் கேட்காது. நாய் செத்த ராத்திரி பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் வளைந்து நிற்கிறது. கதவு நிலையில் கடப்பாரைத் தடம் விரல் ஆழத்துக்குப் பதிந்திருக்கிறது. விடிந்ததும் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன்.

"என்ன திருடு போச்சு?"

"ஒண்ணும் போகலீங்க."

"அப்புறம் என்ன கேஸு? பையன்கிட்டப் போய் இருக்க வேண்டியதுதானே ஆத்தா?"

மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அது எங்கள் எல்லையே இல்லை என்று அனுப்பினார்கள். புகார் வாங்கியதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கூடத் தரவில்லை.

கேஸ் இல்லையா? நாயை விஷம் வைத்துக் கொல்வதற்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் விதிகளோ, தனியாக வாழும் வயசானவர்களின் பட்டியலை ஸ்டேஷனில் வைத்திருக்க வேண்டும், மாசம் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கின்றன. பேரன் படித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பட்டியலில் நான் எத்தனையாவது ஆள், ஐயா?

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரைக் கொன்று போட்டார்கள். 2025-ல் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் வயசான புருஷன் பெண்சாதி. அவர்கள் செத்துக் கிடந்தது தெரியவே நாளாயிற்று. அந்தச் சமயம் எங்கள் வாசலில், ரோந்து வருகிற போலீஸ்காரர் கையெழுத்துப் போடுவதற்குப் பட்டா நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டீர்கள். முதல் பக்கத்தில் ராத்திரிக்கு ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் வாரத்துக்கு ஒன்று. அதற்கப்புறம் வெள்ளைத்தாள்தான்.

கேட்டால் ஆள் பத்தவில்லை என்கிறீர்கள். மந்திரி வருகிற அன்று ரோடு நெடுக நிற்கிற ஆட்கள் மறுநாள் எங்கே போய்விடுகிறார்கள்?

மகனிடம் போ என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். மாட்டை யார் கறப்பது? தென்னைக்கு யார் தண்ணி விடுவது? இது என் வீட்டுக்காரர் கிணறு வெட்டிப் பண்ணையம் பார்த்த பூமி. திருடன் வருகிறான் என்று குடியிருப்பவளைக் காலி பண்ணச் சொல்வதற்குப் பேர் காவலா?

நாளைக்கு நான் வெட்டுப்பட்டுக் கிடந்தால் நாலு ஜீப் வரும். மோப்ப நாய் வரும். தனிப்படை போடுவீர்கள், பெரிய அதிகாரி வாசலில் நின்று பேட்டி கொடுப்பார். என் பேர், வயசு, புருஷன் பேர் எல்லாம் அன்றைக்குத் தப்பில்லாமல் எழுதுவீர்கள். அந்த நாலு ஜீப்பில் ஒன்றை இப்போதே அனுப்பி, நான் உயிரோடு இருக்கும்போதே அதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள், ஐயா.