அப்பாவுக்கு மட்டும் கஞ்சி

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நம் வீடுகளில் என்ன நடந்தது? காபியில் அவருக்கு மட்டும் சீனி நின்றது. ராத்திரிக்கு அவருக்கு மட்டும் கோதுமை ரவைக் கஞ்சி. பக்கத்து அடுப்பில் நமக்கு நெய் மணக்கத் தோசை வெந்தது. கல்யாணப் பந்தியில் அவர் இலையில் விழுந்த ஜாங்கிரியை, "உங்களுக்குத்தான் சுகர் ஆச்சே" என்று எடுத்து நாமே தின்றோம். இதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டோம். அவருடைய ரிப்போர்ட்டில் பிள்ளைகளுக்கும் ஒரு சேதி இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. ஃபைலை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினோம்.

கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது: "எங்க ஃபேமிலியிலேயே இருக்கு, எப்படியும் வரத்தான் போகுது." விதியைப் போலவே பரம்பரையும் சோம்பேறிக்கு நல்ல துணை. நடக்க வேண்டாம், ரத்தம் கொடுக்க வேண்டாம், வந்தபின் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் ஒரு மதிப்பெண் பட்டியலை வெளியிட்டார்கள். மொத்தம் 100. தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை இருந்தால் 20. ஒருவருக்கு மட்டும் என்றால் 10. வயது 35 ஆனால் 20, 50 ஆனால் 30. உடலுழைப்பும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் அதற்கு 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 100 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர் எட்டினால் 20. யாரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று பார்க்கத்தான் இந்தப் பட்டியல்; நோய்க்கான பழியைப் பங்கு பிரிக்க அல்ல. ஆனாலும் கூட்டிப் பாருங்கள். பெற்றோரையும் வயதையும் நம்மால் மாற்ற முடியாது, அதற்கு 50. மீதி 50 நம் நாற்காலிக்கும் நம் தொப்பைக்கும். அந்த ஐம்பதைப் பற்றி நம் வீட்டில் ஒருநாளும் பேச்சு எழவில்லை.

நடந்தால் நோயைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஆய்வு எங்கோ அமெரிக்காவில் நடந்தது, நம் உடம்புக்குப் பொருந்தாது என்று தப்பிக்கவும் வழியில்லை. நம் நாட்டிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசல்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் குறைந்தது. "வெயிட்டே குறையலியே, எதுக்கு நடக்கணும்" என்று ஒரு மாதத்தில் ஷூவைத் தூக்கிப் போட்ட நம் அத்தனை பேருக்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்ததே என்று கேட்கலாம். வந்ததுதான். நடந்தால் வரவே வராது என்று அவர்கள் சொல்லவில்லை.

பெண்கள் விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் மோசம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் விடாமல் வாதாடியதால் தமிழ்நாட்டில் அது வழக்கமானது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அந்தச் சில மாதங்கள் வீடே அவளைத் தாங்குகிறது. குழந்தை பிறந்ததும், "பிரசவத்தோட சரியாப் போச்சு" என்று எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும் என்று டாக்டர் சொன்னது தடுப்பூசி அட்டைக்கு அடியில் போய்விட்டது. குழந்தையின் ஊசித் தேதி பிசகாத நாம், தாயின் ரத்தத்துக்குத் தேதியே குறிக்கவில்லை. பிற்காலத்தில் அவளுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு. அந்தக் குழந்தைக்கும் அதிகம்தான். அவளோ மீந்த சோற்றைக் கொட்ட மனமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாப்பாட்டைத் திருத்தினோம் என்று சொல்பவர்களும் திருத்தியது என்னவோ பெயரைத்தான். சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. அரிசிப் பொங்கல் போய்த் தினைப் பொங்கல், அதே அளவு, அதே நெய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடந்த ஆய்வு 2025-ல் இதைத்தான் சொன்னது: நம் கலோரியில் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது, மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, தயிர் பக்கம் திருப்பினால் குறைகிறது. சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த வீடுகள் நம்முடையவை.

பிள்ளைகளை என்ன செய்தோம்? பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டபோது சந்தோஷப்பட்டோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டோம். தாத்தாவுக்கு அறுபதில் வந்தது அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் வந்தது. முப்பதிலேயே வந்துவிட்டவர்களும் நம் உறவில் இருக்கிறார்கள். இதையும் பரம்பரை என்றே சொல்லிக்கொள்கிறோம். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத பழக்கத்தையும் நாம்தான் சொத்தாக எழுதிவைத்தோம்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்துவிடுங்கள். மேலே சொன்ன மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே என்றால் நிம்மதி. 100 முதல் 125 வரை என்றால் அதுதான் வாசல்படி, திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது. வெறும் வயிற்றுக் கணக்கு சரியாக இருந்தும் குளுக்கோஸ் குடித்தபின் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் இரண்டு மணி நேரம் காத்திருந்து அதையும் பார்த்துவிட்டே வாருங்கள். போகும்போது அண்ணன், தங்கை எல்லோரையும் கூட்டிப் போங்கள். அரசு நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது.