விலை கொடுத்துத் திறந்த கதவு

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயில் வளாகத்தில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது, ஐம்பொன் சிலைகளோடு தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. சம்பந்தர் பிறந்த ஊரின் அந்த எழுத்து எல்லாருக்கும் பொது. சீர்காழியில் முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் (1879) அப்படித்தான். இவற்றைச் செயற்கை நுண்ணறிவுக்குப் புகட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இப்படிக் கேட்காமல் புகட்டுவதால் எழும் வழக்கெல்லாம் எழுதியவர் உயிரோடிருக்கும், அல்லது மறைந்து 60 ஆண்டு ஆகாத நூல்களைப் பற்றியது.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை படத்தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் கையில் இருந்ததால் தகராறு எழுந்தது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு அந்த உரிமைகளைப் பொதுவாக்கியது. மெய்யப்பன் விலை கேட்காமல் விட்டுக்கொடுத்தார், பாரதி குடும்பத்துக்கு அரசு பணம் தந்தது. அந்த நாட்டுடைமை வழக்கத்தில்தான் சீர்காழி இருக்கும் மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியின் எழுத்தும் 1999-இல் சேர்ந்தது. வாரிசுக்குப் பரிவுத்தொகை உண்டு, வற்புறுத்தல் இல்லை. எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் குடும்பம் வேண்டாம் என்றது, அரசும் விட்டுவிட்டது. விலையும் சம்மதமும் முறையாக இருந்ததால்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை, பதிப்புரிமைக் காலம் முடியும் முன்பே எந்தப் பதிப்பகமும் தயங்காமல் அச்சிட முடிந்தது.

எந்திரத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மனிதனும் படித்துத்தானே எழுதக் கற்கிறான் என்கிறார்கள். படிக்கிறவன் புத்தகத்தை வாங்குகிறான், அல்லது அவனுக்காக நூலகம் வாங்குகிறது. 2025-இல் அமெரிக்க நீதிபதி ஒருவர், பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடு என்று சொன்னபோதும், திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்ததை ஏற்கவில்லை. அந்த வழக்கில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 150 கோடி டாலர், நூலுக்குச் சுமார் 3,000 டாலர், தர ஒப்புக்கொண்டது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூலுக்கே அதில் பங்கு. சில நூறு பிரதிகளுக்கு ராயல்டி வாங்கும் தமிழ் எழுத்தாளர் அங்கே போய் எங்கே பதிந்திருப்பார்?

நம் நாட்டில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐ மீது 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மத்திய அரசின் குழு 2025 டிசம்பரில் ஒரு யோசனை வைத்தது: நிறுவனங்கள் சட்டப்படி கிடைக்கும் எதையும் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம், ராயல்டி தர வேண்டும், ஆசிரியர் மறுக்க முடியாது. பணம் வருவது நல்லதே. மறுக்கும் உரிமையைப் பறிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்திரத்தில் தமிழ் பின்தங்கிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் தேவாரம் முதல் கல்கி வரை பொதுவில் கிடக்கிறது. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி அவற்றில் பலவற்றை 1998 முதல் மின்னூலாக்கி வருகிறது. மீதிக்கு, சம்மதம் தருவோர் பட்டியலையும் விலையையும் தமிழ்நாடு அரசே தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வைக்கலாம். நாட்டுடைமைக்கு வாரிசுகளைத் தேடிப்போய்க் கேட்ட அரசுக்கு இது புது வேலை அல்ல.