யார்க்கு எந்நூல்?

நூலகங்களுக்கு நூல் தெரிவோரும் பள்ளிகளிற் பரிசுநூல் வாங்குவோரும் பெரும்பாலும் இரு பிழைகளுள் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார், “மக்கள் கேட்பதைக் கொடுப்பதே எம் பணி” என்று கைகழுவி விடுவர். மற்றொரு சாரார், “உயர்ந்த நூல்களையே வாங்கி அடுக்கியுள்ளோம், படியாதது மக்கள் குற்றம்” என்று மார்தட்டுவர். முன்னவர் படிப்பாரின் வயிற்றைக் கெடுப்பவர். பின்னவர் அவரைப் பட்டினி போடுபவர். இருவர்க்கும் பொதுவான நோய் ஒன்றே. எதிரில் நிற்பவன் யார், அவன் எதை விரும்புகிறான், எதைத் தாங்குவான் என்று உசாவி அறியும் உழைப்புக்கு இருவரும் அஞ்சுகின்றனர்!

இவ் வுழைப்பின் இன்றியமையாமையை உலகிற்கு எடுத்துரைத்தவர் தமிழகத்து அறிஞரே. கணக்காசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி அரங்கநாதனார், 1931-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் நூலக இயலுக்கு ஐந்து நெறிகள் வகுத்தார். படிப்பார் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று; நூல் ஒவ்வொன்றும் தனக்குரியாரைச் சென்றடைதல் வேண்டும் என்பது மற்றொன்று. மக்கள்மேற் பழிபோட்டு ஓய்ந்திருப்பாரை முன்னது சாடுகிறது. நல்ல நூல் அடுக்கில் தூசு படியக் கண்டும் கேட்பதை மட்டும் எடுத்து நீட்டுவாரைப் பின்னது சாடுகிறது. அயல்நாட்டு நூலகப் பள்ளிகளும் கற்பிக்கும் இந் நெறிகளை அவை பிறந்த மண்ணே மறக்கலாமோ?

இது தமிழர்க்குப் புதுவதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னம் முதலாக நெய்யரி ஈறாக எண்வகை உவமை கூறிப் பகுத்தார். கேட்பவனின் கொள்ளுந் திறமறிந்து கற்பிப்பதே ஆசிரியன் கடன் என்றும் வகுத்தார். பாடஞ் சொல்வார்க்கு விதித்த இக் கடன் நூல் கொடுப்பார்க்கு மட்டும் இல்லையோ?

இன்றைய பரிசளிப்பு விழாக்களைக் காண்க. ஓட்டத்தில் வென்றவனுக்கும் பாட்டில் வென்றவளுக்கும் கணக்கில் முதல்வந்தவனுக்கும் ஒரே கட்டிலிருந்து ஒரே நூலை உருவிக் கொடுக்கின்றனர். எந் நூலுக்குக் கழிவு மிகுதியோ அந் நூலே பரிசாகிறது! பிள்ளை அதை வீட்டிற்குக் கொண்டு சென்று பரண்மேல் எறிகிறது. ‘நூல் என்றால் இதுதான் போலும்’ என்னும் கசப்பு அன்றே அதன் உள்ளத்தில் வேரூன்றி விடுகிறது. வீணாவது பணம் மட்டுமன்று. ஒரு படிப்பாளியின் வாழ்நாள்!

விண்மீனையும் பொறியையும் பற்றி ஓயாது வினவும் சிறுவனுக்குப் பெரியசாமித் தூரனார் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் திறந்து காட்டுக. கதைவேட்கை கொண்ட இளையோர்க்கு மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ இருக்கிறது. உழவர்க்குப் பயிர்நோய் பற்றிய எளிய நூலும், கண்மங்கிய முதியோர்க்குப் பேரெழுத்துப் பதிப்பும் வேண்டும்.

துப்பறி கதையன்றி வேறொன்றையும் தொடாதவனை எள்ளற்க. ‘அடுத்து என்ன?’ என்னும் வேட்கை அவனிடம் இருக்கிறது, அதுவே பெருஞ்செல்வம். ஊரூராய் ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதரின் ‘என் சரித்திர’த்தை அவன் கையிற் கொடுத்துப் பார்க்க. ஏடுகள் மறைந்து கிடந்ததும் அகப்பட்டதும் அவனை ஈர்க்கும். அவ்வாறு தேடி 1894-இல் அச்சேறிய புறநானூற்றில் அப்படி என்னதான் இருக்கிறதென்று அவனே ஒருநாள் கேட்பான். சுவை என்பது வேலியன்று, வாயிற்படி. படியிலேயே நிறுத்துவதும் பிழை. படியே இன்றி மாடிக்குத் தாவச் சொல்வதும் பிழை.

“இவ்வாறு கூறின் நூல்களுள் உயர்வு தாழ்வே இல்லையென்று ஆகாதோ?” எனச் சில புலவர் வினவலாம். ஆகாது. மலையுச்சி உயர்ந்தது என்பதாலேயே வழி அமைக்க வேண்டியுள்ளது. பத்தகவைப் பிள்ளையின் கையில் தொல்காப்பியத்தைத் திணித்து, அவன் அஞ்சி ஓடினால், தோற்றவன் பிள்ளையல்லன், திணித்தவனே!

1931-இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. படிப்பாரைத் தேடி நூல் சென்ற நாடு இது. 1948-இல் பொதுநூலகச் சட்டமும் இயற்றப்பெற்றது. அச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டப்படுகிறது. எனவே நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலிலும் குடிமகனுக்குப் பங்குண்டு. தனக்குரிய நூலைக் கேட்பது இரவலன்று, உரிமை!

ஆதலால், ஒவ்வொரு நூலகமும், வந்தவர் கேட்டதையும் கிடையாது திரும்பியதையும் நாள்தோறும் குறித்து வைக்க. அக் குறிப்பைக் கண்ட பின்னரே நூல் தெரிக. பரிசு பெறும் பிள்ளையை அழைத்து, அதன் விருப்பத்தை ஒரு சொல் கேட்க. கழிவைப் பார்த்து நூல் வாங்கும் கையை ஊரார் தடுக்க. ஆளறிந்து நூல் கொடுக்காத நாட்டில் நூலகங்கள் பெருகலாம், படிப்பார் பெருகார்!