நாரையும் எருமையும்

ராஜஸ்தானத்துப் பரத்பூர் ஏரிக்குக் குளிர்காலந்தோறும் சைபீரியாவிலிருந்து வெள்ளை நாரைகள் வந்துகொண்டிருந்தன. ஓப் நதிச் சதுப்பில் குஞ்சு பொரித்து, ஆப்கானிஸ்தானத்தைக் கடந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, ஏரிச் சேற்றில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்னும். நம் வயற்காட்டில் களையென்று பிடுங்கி எறிகிறோமே, அந்தக் கோரைதான். 1960-களில் சுமார் 200 நாரைகள் வந்தன. 2001-02 குளிர்காலத்தில் வந்தது ஒரே ஒரு ஜோடி. அதன் பிறகு அங்கே அவை வரவேயில்லை.

பட்சிகளைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இந்த ஏரியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அது மகாராஜாவின் வேட்டைத் தடாகம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பட்சிகளைச் சுட்டு வீழ்த்தியது. குற்றமென்று யாரும் சொல்லவில்லை. கணக்கைக் கல்லில் பொறித்து வைத்தார்கள்! சுதந்திரம் வந்த பிறகும் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

1982-ல் சர்க்கார் அந்த ஏரியைத் தேசியப் பூங்காவாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமை மேய்த்துவந்த சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்கு மறுவழி எதுவும் காட்டாமல் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. ஜனங்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. கிராமவாசிகள் பலர் மாண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு பட்சிகளாவது பிழைத்தனவா? எருமை போனதும் தண்ணீர்ப் புல் தறிகெட்டு வளர்ந்து ஏரியை மூடியது. மீனுக்கும் நீர்ப்பட்சிக்கும் இடமில்லாமல் போயிற்று. தடை அவசியம் என்று விஞ்ஞானிகளிலேயே பலர் முன்பு நம்பியிருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, புல்லை அடக்கி வைத்திருந்தது எருமைதான் என்று கண்டது. எருமை மேய்த்தவனைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் சொல்லியிருப்பான். பின்னர் கிராமத்தார் கையால் புல் அறுத்துச் செல்ல அனுமதித்தார்கள். மாண்டவர்கள் மீளவில்லை.

நாரை மறைந்ததற்கு இந்தத் தடை ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. வழிநெடுக வேட்டை நடந்தது. தங்கிச் செல்லும் சதுப்புகள் வற்றின. ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம் மூண்டது. கிழக்குச் சைபீரியாவிலிருந்து சீனாவின் போயாங் ஏரிக்குச் செல்லும் இதே இன நாரைகள் இன்னும் சில ஆயிரம் இருக்கின்றன. ஆகவே இனம் அடியோடு அழியவில்லை.

அதே ராஜஸ்தானத்தில் கீசன் என்ற கிராமம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சிறுநாரைகள் வந்திறங்குகின்றன. ஊரார் தினமும் தானியம் இறைக்கிறார்கள். எந்தப் போலீசும் அவர்களை ஏவவில்லை. பரத்பூரிலேயும் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் பட்சிகளின் பெயர்களைக் கற்று, பார்க்க வருவோருக்கு வழிகாட்டிப் பிழைக்கிறார்கள்.

ஏரியையும் காட்டையும் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தச் சட்டத்தை எழுதும்போது, அங்கே மாடு மேய்ப்பவனையும் புல் அறுப்பவளையும் எதிரில் உட்காரவைத்துப் பேசி எழுத வேண்டும். மேய்ச்சலை நிறுத்துவதென்றால் தீவனத்துக்கு முதலில் வழி செய்துவிட்டு நிறுத்த வேண்டும் என்று கோருகிறோம்.