டெல்டா ஸ்டேட் பெண்களின் மூன்று பட்டங்களை ஏட்டில் ஏற்றுங்கள்

பெறுநர்:
தலைவர் அலுவலகம், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.),
இண்டியானாபொலிஸ், இண்டியானா.
மார்ச் 2024

மதிப்புக்குரிய தலைவர் சார்லி பேக்கர் அவர்களுக்கு,



மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி வயல்களுக்கு நடுவே கிளீவ்லாந்து என்றொரு சிற்றூர். 1925இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் திறக்கப்பட்ட டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதன் பெண்கள் கூடைப்பந்து அணி ஆறு முறை தேசிய சாம்பியன் ஆனது: 1975, 1976, 1977, பிறகு 1989, 1990, 1992. பின்னால் வந்த மூன்று பட்டங்களும் உங்கள் சங்கத்தின் இரண்டாம் பிரிவில் வென்றவை. உங்கள் சாம்பியன் பட்டியலில் இருக்கின்றன. முதல் மூன்றும், நீங்கள் பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கும் முன்பே, நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி வென்றவை. அவை உங்கள் பட்டியலில் இல்லை. அவற்றையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறோம்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் பிப்ரவரி 15 அன்று கெல்சி பிளமின் 3,527 புள்ளிகளைத் தாண்டினார். உங்கள் சாதனை ஏட்டின் கணக்கில் பெண்கள் கூடைப்பந்தின் உச்சம் அன்றே முறிந்துவிட்டது. ஆனால் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்காக 1977 முதல் 1981 வரை ஆடிய லினெட் உட்டர்ட் எடுத்த புள்ளிகள் 3,649. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில், ஆண்கள் ஆடும் அதே பெரிய பந்தைக் கொண்டு எடுத்தவை அவை; உங்கள் ஏடு அவற்றை எண்ணவில்லை. கிளார்க் அதைத் தாண்டியது பிப்ரவரி 28 அன்று. இடைப்பட்ட இரண்டு வாரமும் நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது, உண்மையில் இன்னும் முறியாத ஒரு சாதனை முறிந்துவிட்டது என்று. மார்ச் 3 அன்று உட்டர்ட் அயோவா சிட்டிக்கே வந்தார். அரங்கம் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியது. பிரான்சிஸ் மேரியன் கல்லூரியின் பேர்ல் மூர், இளநிலைக் கல்லூரியில் ஆடிய சில ஆட்டங்களையும் சேர்த்து 4,061 புள்ளிகள் எடுத்தவர். அவர் பெயரும் உங்கள் ஏட்டில் கிடையாது.

இதில் கிளார்க்கின் புகழ் ஒரு துளியும் குறையப்போவதில்லை. சென்ற ஆண்டு அவர் பெற்ற விருதுகளில் ஒன்று வேட் கோப்பை. நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கு 1978 முதல் வழங்கப்படும் அந்தக் கோப்பை, டெல்டா ஸ்டேட் அணியின் பயிற்சியாளர் மார்கரெட் வேடின் பெயரைத் தாங்கியது. அவர் வென்ற மூன்று பட்டங்கள்தான் உங்கள் ஏட்டில் இல்லாதவை.

மார்கரெட் வேடின் கதையை உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது முழுசாகப் படிக்கவேண்டும். 1930களின் தொடக்கத்தில் அவர் டெல்டா ஸ்டேட் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 1932இல் கல்லூரி பெண்கள் கூடைப்பந்தை நிறுத்தியது. இளம்பெண்களின் உடம்பு தாங்காத கடும் விளையாட்டு என்று காரணம் சொன்னார்கள். அழுதோம், சீருடைகளைக் கொளுத்தினோம் என்று பின்னாளில் வேட் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு 41 ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை. எத்தனை பெண்கள் அந்த வளாகத்துக்கு வந்து, படித்து, பந்தைத் தொடாமலே வெளியேறியிருப்பார்கள்! அவர்களுக்குப் புள்ளிவிவரம் கிடையாது. எந்த ஏட்டிலும் சேர்க்கமுடியாத இழப்பு அது.

வேட் கிளீவ்லாந்து உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். 1954இல் அந்தப் பணியை விட்டார். 1959இல் டெல்டா ஸ்டேட்டில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தார். 1972இல் கல்வியில் பால் வேறுபாட்டைத் தடைசெய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வந்தது. 1973இல் கல்லூரி மறுபடியும் பெண்கள் அணியைத் தொடங்க முடிவெடுத்து, அவரையே நடத்தச் சொன்னது. அப்போது அவருக்கு 60 வயது. ஓய்வுபெறும் வயதில், தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட அதே அணியைக் கையில் எடுத்தார். இரண்டாவது பருவத்தில் அந்த அணி 28 ஆட்டம் ஆடி 28ஐயும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. தொடர்ந்து 51 வெற்றிகள். மூன்று ஆண்டு மூன்று பட்டம். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் நூறாண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய மீட்சி ஒன்றை எங்களால் காட்டமுடியவில்லை.

அந்த அணியின் நடுநாயகம் லுசியா ஹாரிஸ். மின்டர் சிட்டி என்ற ஊரில், பருத்தி எடுத்துப் பிழைத்த வாரக்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறடி மூன்று அங்குல உயரம். கறுப்பின மாணவர்களை டெல்டா ஸ்டேட் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1967இல்தான். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்த ஹாரிஸ், அணியின் ஒரே கறுப்பினப் பெண். 1972, 1973, 1974 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்த பென்சில்வேனியாவின் இம்மாகுலாட்டா கல்லூரியை 1975 இறுதி ஆட்டத்தில் டெல்டா ஸ்டேட் 90-81 என்று வீழ்த்தியது. ஹாரிஸ் எடுத்தது 32 புள்ளி, 16 ரீபவுண்ட். மறு ஆண்டும் அதே இம்மாகுலாட்டா, 69-64. மூன்றாம் ஆண்டு லூசியானா ஸ்டேட், 68-55. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓர் ஆட்டத்தில் மட்டும் அவர் 47 புள்ளி எடுத்தார். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 2,981 புள்ளி, 1,662 ரீபவுண்ட்.

ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1976 மான்ட்ரியாலில். அந்தப் போட்டியின் முதல் கூடையைப் போட்டவர் லுசியா ஹாரிஸ். அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி அவரை ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது; கருவுற்றிருந்த அவர் போகவில்லை. 1992இல் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண் அவரே. ஒலிம்பிக் ஏட்டில் இருக்கிறார், புகழ்மண்டபத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி பென் பிரவுட்ஃபுட் எடுத்த குறும்படம் 2022இல் ஆஸ்கர் வென்றது. கல்லூரி விளையாட்டின் ஏட்டில் மட்டும் அவருக்கு இடமில்லை. அவர் பெயர் பெற்றதே கல்லூரி விளையாட்டில்தான்.

உங்கள் தரப்பின் விளக்கம் எங்களுக்குத் தெரியும். பெண்களுக்கான போட்டிகளை என்.சி.ஏ.ஏ. நடத்தத் தொடங்கியது 1981-82 பருவத்தில். அதற்கு முன் நடந்தவை மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டிகள். வேறோர் அமைப்பு நடத்தியதை நாங்கள் எப்படிப் பதிவதென்று கேட்பீர்கள். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்று அழைக்கப்பட்ட அந்தச் சங்கம் 1971இல் பிறந்தது. நீங்கள் பெண்களை ஏறிட்டும் பார்க்காத காலத்தில் பெண் ஆசிரியைகளே சேர்ந்து கட்டியது. 1972 முதல் கூடைப்பந்துக்குத் தேசிய சாம்பியன்ஷிப் நடத்தியது.

அந்த ஆண்டுகளில் உங்கள் சங்கம் செய்ததும் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. வருமானம் தரும் விளையாட்டுகளை ஒன்பதாம் தலைப்புச் சட்டத்திலிருந்து விலக்க 1974இல் கொண்டுவரப்பட்ட டவர் திருத்தத்தை ஆதரித்தீர்கள். அது தோற்றபின் 1976இல் அந்தச் சட்டத்தின் விதிகளை எதிர்த்து நீதிமன்றம் போனீர்கள். அதுவும் பலிக்காதபோது, 1981 ஜனவரியில், பெண்களுக்கான போட்டிகளை நீங்களே நடத்துவதென்று வாக்கெடுத்தீர்கள். அணிகளின் பயணச் செலவை ஏற்கும் பண பலம் உங்களிடம் இருந்தது, அவர்களிடம் இல்லை. கல்லூரிகள் உங்கள் பக்கம் வந்தன. தொலைக்காட்சி ஒப்பந்தம் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1982இல் அந்தச் சங்கம் செயல்பாட்டை நிறுத்தியது; உங்கள்மீது அவர்கள் தொடுத்த வழக்கும் தோற்றது. நீதிமன்றத்தின் தீர்ப்பு தீர்ப்புதான். அதை மறுபடி கிளற நாங்கள் வரவில்லை. ஆனால் ஓர் அமைப்பின் வீட்டையும் உறுப்பினர்களையும் எடுத்துக்கொண்டவர்கள், அந்த வீட்டில் வளர்ந்தவர்களின் பெயர்களையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள்.

வேறோர் அமைப்பு நடத்தியதைப் பதிவதில்லை என்ற விதியை உங்கள் அலுவலகமே எல்லா இடத்திலும் பின்பற்றவில்லை. முதல்நிலை அமெரிக்கக் கால்பந்துக்கு உங்கள் சங்கம் இன்றுவரை சாம்பியன்ஷிப் நடத்தியதே கிடையாது. அப்படியிருந்தும் 1869 முதலான தேசிய சாம்பியன்களை, வெளியார் தேர்ந்தெடுத்தவர்களை, உங்கள் ஏடு வரிசையாகத் தருகிறது. உங்கள் சங்கம் பிறந்தது 1906இல். நீங்கள் பிறப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன் இரண்டு கல்லூரிகளின் ஆண்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஏட்டில் இடம் கிடைக்கிறது.

பெண்கள் கூடைப்பந்துக்குள்ளேயே இன்னொரு முரண். இந்த ஜனவரி 21 அன்று ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் 1,203ஆவது வெற்றியைப் பெற்றார். ஆண்கள், பெண்கள் இரு தரப்பிலும் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் என்று உங்கள் சங்கமும் சேர்ந்தே கொண்டாடியது. அவர் பயிற்சியாளராகத் தொடங்கியது 1978இல், ஐடஹோ பல்கலைக்கழகத்தில். டென்னசியின் பாட் சம்மிட் தொடங்கியது 1974இல். அவருடைய 1,098 வெற்றிகளில் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்து வெற்றிகளும் அடக்கம். பயிற்சியாளர் கணக்கில் அந்த ஆண்டுகள் இருக்கின்றன. அதே ஆட்டங்களில் ஓடி வியர்த்துப் பந்தைக் கூடைக்குள் போட்ட பெண்களின் கணக்கில் மட்டும் அந்த ஆண்டுகள் இல்லை. இதற்கு ஒரு நியாயமான பதில் இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறோம்.

திருத்திக்கொள்வது உங்களுக்குப் புதிதும் அல்ல. 2021இல் சான் அன்டோனியோவில் நடந்த உங்கள் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் அணிகளுக்குத் தரப்பட்ட சொற்ப உடற்பயிற்சி வசதியை ஒரு வீராங்கனை படம் பிடித்துக் காட்டியபிறகு, வெளி வழக்கறிஞர்களை வைத்து விசாரித்தீர்கள், அறிக்கையை வெளியிட்டீர்கள். அதுவரை ஆண்கள் போட்டிக்கு மட்டுமே ஒதுக்கிவைத்திருந்த மார்ச் மேட்னஸ் என்ற பெயர் 2022 முதல் பெண்களுக்கும் கிடைத்தது. பேஸ்பாலில் கறுப்பினத்தவரின் நீக்ரோ லீக் அணிகளை மேஜர் லீக் தகுதியுடையவை என்று அந்த விளையாட்டின் தலைமை 2020 டிசம்பரில் அறிவித்தது. பேஸ்பாலின் வரலாறு அதனால் குலைந்துவிடவில்லை.

எங்கோ மிசிசிப்பியில் நடந்ததைத் தமிழ் இதழ் ஒன்று ஏன் எழுதவேண்டும்? பெண்களின் விளையாட்டு வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை அவர்களை நெடுங்காலம் வெளியே நிறுத்திவைத்த ஓர் அலுவலகம் தீர்மானிப்பது, எந்த ஊரில் நடந்தாலும் எங்களைத் தொடுகிறது. உங்கள் கல்லூரிகளில் தமிழர் வீட்டுப் பெண்களும் படிக்கிறார்கள். தங்களுக்கு முன் யார் ஆடினார்கள் என்று தேடி அவர்கள் உங்கள் ஏட்டைத்தான் திறப்பார்கள்.

நாங்கள் கேட்பது சுருக்கமானது. 1972 முதல் 1982 வரையிலான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சாம்பியன்களை, நடத்திய சங்கத்தின் பெயரை மறைக்காமல், உங்கள் பட்டியலில் சேர்க்கவேண்டும். சிறு கல்லூரிப் பிரிவும் விடுபடக்கூடாது. பேர்ல் மூர் அங்கிருந்து வந்தவர். 1982இல் இரு சங்கமும் தனித்தனியாகப் போட்டி நடத்தின. உங்கள் போட்டியில் லூசியானா டெக் வென்றது, அவர்களுடைய கடைசிப் போட்டியில் ரட்கர்ஸ் வென்றது, இரண்டும் இருக்கட்டும். வீராங்கனைகளின் தனிக் கணக்குகளும் சேரவேண்டும். சான்று போதாத ஆட்டங்கள் இருந்தால் அவற்றுக்கு எதிரே அப்படியே குறித்துவிடலாம். பழைய ஆண்கள் கணக்குகளிலும் இடைவெளிகள் உண்டே. ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் ஆவணங்கள் மேரிலாந்து பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மற்றவை அந்தந்தக் கல்லூரிகளில் கிடைக்கும். இரண்டு மூன்று ஆவணப் பணியாளர்களை அமர்த்தினால் வேலை தொடங்கிவிடும்.

மார்கரெட் வேட் 1995இல் காலமானார். லுசியா ஹாரிஸ் 2022 ஜனவரி 18 அன்று, குறும்படம் ஆஸ்கர் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 66ஆவது வயதில் போய்விட்டார். 1975இல் அவரோடு ஆடிய பெண்கள் இன்று எழுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். ஏப்ரல் 5 அன்று ஓஹையோ மாநிலத்தில் இவ்வாண்டின் பெண்கள் இறுதிச் சுற்று தொடங்குகிறது. கிளார்க் அங்கே ஆடினாலும் ஆடாவிட்டாலும், பெண்கள் கூடைப்பந்தை இதுவரை இல்லாத அளவுக்கு உலகம் பார்க்கப்போகும் வாரம் அது. அந்த டெல்டா ஸ்டேட் பெண்களில் வரக்கூடியவர்களை உங்கள் செலவில் அழையுங்கள். முடிவை அந்த அரங்கில் வைத்தே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு